பலகையில் நீல டோக்கன்

அந்த நீல டோக்கனை எடுத்துத் தகர டப்பாவுக்குள் போட்டது நான்தான். காற்றில் விழுந்தது, எலி தள்ளியது என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தவனும் நான்தான்.

டோக்கன் சமாசாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தையல் கடைக்கும் பக்கத்து லாண்டரிக்கும் நடுவே இருப்பது வெறும் அட்டைத் தடுப்பு. அங்கே தும்மினால் இங்கே எனக்கு ஊசியில் நூல் தவறும். லாண்டரிக்கு ஒரு சட்டை வந்தால் காலரில் எண் எழுதிய துணித்துண்டைக் குத்துவார்கள். அதே எண் போட்ட தகர டோக்கனைச் சுவரில் இருக்கும் ஆணிப் பலகையில் மாட்டுவார்கள். டோக்கன் பலகையில் தொங்குகிறவரை சட்டை கடையின் பொறுப்பு. ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனதும் டோக்கன் டப்பாவில் விழும். டப்பாவில் விழுந்தால் கதை முடிந்தது. அந்தச் சட்டை அப்புறம் எரிந்தாலும் கிழிந்தாலும் கடைக்குச் சம்பந்தம் இல்லை.

அந்தப் பலகையின் கீழ்க் கோடியில், எண் இல்லாமல், நீல பெயிண்ட் அடித்த டோக்கன் ஒன்று சில காலமாகத் தொங்குவதும் காணாமல் போவதுமாக இருந்தது. லாண்டரிக்காரர் வெளியே கிளம்பும்போது அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டுவார். பக்கத்தில் சாக்பீஸால் திரும்பி வரும் மணியை எழுதுவார். திரும்பி வந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். மனுஷன் தன்னையே சலவைக்குப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்து நான் பல முறை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

என்னைத் தெருவில் பட்டன் என்பார்கள். ஒரு வக்கீலின் கோட்டில் ஓட்டைகளைவிட ஒரு பட்டன் கூடுதலாகத் தைத்துவிட்டேன். வக்கீல் மறந்துவிட்டார், தெரு மறக்கவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லாதவன், அதனால் வாயைக் கடையில் செலவழிப்பவன். இதுவும் தெருவின் கணிப்புதான்.

அன்றைக்கு மூன்றாவது நாளாக மழை. லாண்டரியின் பின்கட்டில் ஹோட்டல் படுக்கை விரிப்புகள் ஈரம் இறங்காமல் மாடுகளைப் போலக் கொடிகளில் சோம்பிக் கிடந்தன. பாய்லரின் வாஷர் போய்விட்டதென்று லாண்டரிக்காரர் டோக்கனை மாட்டிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பின்னால் விரிப்புகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு பேண்ட்டுக்குத் தேய்ப்பு வாங்க வந்தவன், சும்மா நின்றேன். சும்மா நிற்பது எனக்கு ஆகாது. நீல டோக்கனைக் கழற்றி டப்பாவில் போட்டேன். டங் என்று நல்ல சத்தம்.

மாடிப்படியில் அவர்கள் மகள் இறங்கி வந்தாள். இருபதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். எனக்கும் அப்படியே.

"பெரிப்பா, அப்பா எங்க?"

"உங்கப்பனா? டெலிவரி ஆயிட்டாரும்மா. பார்ட்டி வந்து கையோட வாங்கிட்டுப் போயிடுச்சு."

டப்பாவைக் காட்டினேன். சிரிப்புக்காகக் காத்திருந்தேன், என் தொழிலில் கூலி வராவிட்டாலும் சிரிப்பு வந்துவிடும்.

அவள் பலகையைப் பார்த்தாள். ஆணி காலி. சாக்பீஸ் மணி எப்போதோ தாண்டியிருந்தது. டப்பாவுக்குள் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கைபேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். மேஜை மேல் சட்டைக் குவியலுக்கு அடியில் அவருடைய கைபேசி அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏய், சும்மா சொன்னேம்மா. பெரிப்பா விளையாடினேன்."

அது அவள் காதில் விழவே இல்லை. பின்கட்டுக்கு ஓடி, கொடியிலிருந்த விரிப்புகளை இழுத்துத் தரையில் எறிந்தாள். "போயிட்டாரு. எனக்குத் தெரியும். எல்லாரும் போயிடுவீங்க. போங்க!" என்றாள். கத்தவில்லை, ஊளையிட்டாள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. அவள் அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து, கதவில் கன்னத்தை வைத்து, "பாப்பா, அம்மா இங்கதான் நிக்கறேன். எங்கேயும் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கையில் பேண்ட்டோடு நின்றேன். லாண்டரிக்காரர் நனைந்து வந்து தோளால் கதவைத் திறந்தபோது அவள் கையில் காயம் இருந்தது.

பழி என் மேல்தான் என்று அப்போதே தெரியும். ஆனால் அன்று என்னை முழுசாக வெட்கப்படக்கூட விடவில்லை, அவளைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி. அங்கே பார்த்ததில் கோபம் முந்திக்கொண்டது.

"மறுபடியும் நீயா?" என்றாள் அவசரப் பிரிவு நர்ஸ். கடையில் கடன் சொல்ல வந்தவனை வரவேற்பது போல. "உன்ன மாதிரி ஆளுங்களால நிஜமான பேஷண்ட்டுக்கு இடமில்ல."

நிஜமான பேஷண்ட்! பக்கத்துக் கட்டிலில் குடித்துவிட்டு வண்டியோடு சாக்கடையில் விழுந்தவன் ஒருவன் கிடந்தான். அவன் நிஜம். அவனுக்குத் தலையணை.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். காயத்தைப் பார்த்தார், பழைய தழும்புகளைப் பார்த்தார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "எல்லாம் கவனத்த இழுக்கறதுக்காகப் பண்றதுதான்" என்றார், அவளுக்குக் காது இல்லாதது போல, அவள் அப்பாவிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கவனிக்கணும்னு வந்திருக்குன்னா கவனிங்களேன் சார்! அதுக்குத்தானே இந்தக் கட்டடம் கட்டியிருக்கு?"

"நீங்க யாரு?"

"டெய்லர்."

"வெளிய நில்லுங்க."

வெளியே என்றால் திரைக்கு வெளியே. திரை ஓரம் நூல் பிரிந்து தொங்கியது. உள்ளே நர்ஸ் தைக்கிற சாமானை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்: "தானே கிழிச்சுக்கிட்டவளுக்கு மரத்துப்போற ஊசி எதுக்கு? வலிச்சாத்தான் அடுத்த தடவ யோசிப்பா."

இதைக் கேட்டு நாற்காலியைத் தூக்கலாமா என்று நான் பார்த்தேன். அது வரிசையாக நான்கு நாற்காலிகளைக் கம்பியில் பிணைத்தது, என்னால் ஆகாது. அப்போதுதான் லாண்டரிக்காரர் பேசினார். ஈரச் சட்டை, நடுங்கும் உடம்பு, ஆனால் இஸ்திரிப் பெட்டியை வைப்பது போல மெதுவாக, அழுத்தமாக.

"ஊசி போட்டுட்டுத் தையுங்க."

"ஏன்யா, இது சின்னக் காயம்" என்றாள் நர்ஸ்.

"சரிங்க. ஊசி போட்டுட்டுத் தையுங்க."

"நீங்க செல்லம் கொடுத்துத்தான் இப்படி ஆயிருக்கு" என்றார் டாக்டர்.

"இருக்கலாங்க. ஊசி போட்டுட்டுத் தையுங்க."

எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணவில்லை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியில் சலித்துப்போய் ஊசி போட்டார்கள். இந்தச் சாது மனுஷனுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது?

நடைபாதையில் அவர் மனைவியைக் கேட்டேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமைதோறும் இருவரும் கடையைச் சாத்திவிட்டுப் போவது உறவினர் வீட்டுக்கு இல்லையாம். இதே ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறதாம். ஒரே காம்பவுண்டு. பின்பக்கம் சொல்லித் தருவது முன்பக்கத்துக்குத் தெரியாது.

"பார்டர்லைன்னு சொல்றாங்கண்ணே, அவளோட வியாதிய" என்றாள். "கோவமோ பயமோ வந்தா நமக்குக் கொஞ்சங்கொஞ்சமா ஏறும். அவளுக்கு அப்படி இல்ல. இவரு சொல்வாரு, இஸ்திரிப் பெட்டியில சூடு கூட்டிக் கொறைக்கற திருகு இருக்குல்ல, அது அவளுக்குக் கழண்டு கையோட வந்துடுச்சுன்னு. ஒண்ணு ஆஃப்பு, இல்ல முழுச் சூடு. யாராச்சும் விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு தோணிட்டா முழுச் சூடுதான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் லாண்டரிக்காரர் தேய்த்துக்கொண்டே, "நீ சொல்றது எனக்குப் புரியுது. உனக்கு அது பயமா இருந்திருக்கு" என்று தனியாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஹோட்டல் தலையணை உறைகளோடு பேசுகிறார் என்று தெருவுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். வகுப்புப் பாடத்தை ஒப்பித்துப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

"அந்த டோக்கன்?"

"போன மழைக்கு முந்தின மழையில இவரு வண்டி பஞ்சராகி லேட்டாச்சு. அன்னைக்கும் இப்படித்தான். அப்புறம் வகுப்புல பேசி, இவரே யோசிச்சுப் பண்ணினது. பலகையில தொங்கினா அப்பா இன்னும் நம்ம பொறுப்பு, கண்டிப்பா வந்து சேருவாருன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு தடவகூட இப்படி ஆகலண்ணே. மழை போயி மறு மழையும் வந்துடுச்சு. நாங்க நிம்மதியாத் தூங்கினோம்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சாப்டீங்களாண்ணே?" என்றாள்.

அவள் கைபேசி அடித்தது. அவளுடைய அண்ணன். ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வு கம்பெனிக்குத்தான் கிடைத்தது. நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அவள் பேசினாள். "சரிண்ணா… சரி… அந்த இடத்துக்கே அனுப்பிடலாம். என்னால முடியலண்ணா. ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வாங்க."

'அந்த இடம்' எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, பெரிய கேட்டு, உயரமான சுவர். உள்ளே போனவர்களைப் பார்க்க மாதத்தில் ஒரு நாள் விடுவார்களாம். அங்கே கேட்டைப் பூட்டுகிறவன் கோட்டுக்குப் பை வைத்துக் கொடுத்தவன் நான்; சாவி போடப் பெரிய பை வேண்டுமென்றான். விட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிற பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. இதற்குப் பெயர் வைத்தியம்!

இதற்கெல்லாம் காரணம் ஒரு டங்.

ஞாயிறு வரைக்கும் நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பதிலுக்காக அலைந்தேன். "தம்பி, என் மேல கோவமா?" என்றால் லாண்டரிக்காரர் நீராவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, அந்த பேண்ட்ட கொடுங்க, தேச்சுடறேன்" என்றார். அவர் மனைவி வழக்கம்போல மத்தியானச் சோறும் அவித்த முட்டையும் தட்டில் போட்டு அனுப்பினாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். திட்டாமல் வந்த முட்டையைத் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா மாடியிலேயே இருந்தாள். ஒரு வாரம் நான் அவளுக்குக் கடவுள், மறு வாரம் கசாப்புக்காரன். இது எனக்குப் பழக்கம். கடவுளாக இருக்கும்போது ஓசியில் டீ கிடைக்கும். இந்த வாரம் நான் எதுவென்றே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் மழை. மேனேஜர் குடையை மடக்கி, லாண்டரியின் ஒரே நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் கூப்பிடாமலே போய் நின்றேன். லாண்டரிக்காரர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஹோட்டலுக்கு விரிப்புகள் போக வேண்டும். பிள்ளைக்கு எது நடந்தாலும் ஹோட்டல்காரனுக்குப் படுக்கை விரிந்தாக வேண்டும்.

"எங்க அவ? பையெல்லாம் கட்டியாச்சா?" என்றார் மேனேஜர்.

"மாடியில இருக்கா" என்றாள் தங்கை, ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்தபடி. பை படிக்கு அடியில் இருந்தது. அதன் மேல் ஒரு துவாலையைப் போட்டு மறைத்திருந்தாள்.

"சின்ன வயசுலயே கன்னத்துல ரெண்டு வச்சிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. வளர்ப்பு! நானும் ரெண்டு வளர்த்தேன். எங்கிட்ட வாலாட்ட முடியுமா?"

அவருடைய இரண்டும் வருடத்துக்கு ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடுவதில்லை. இது தெருவுக்கே தெரியும். சொல்ல வாய் துறுதுறுத்தது. நான்தான் இப்போது வாய்க்கு விரதம் இருக்கிறவன்.

"மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க. வகுப்பு வகுப்புன்னு போறீங்களே, பொண்ணு படிக்கணுமா நீங்க படிக்கணுமா? சிரிப்பா சிரிக்குது ஜனம்."

"போன மழையில நல்லாத்தான் இருந்தா" என்றார் லாண்டரிக்காரர்.

"இந்த மழையில?"

நீராவிதான் புஸ்ஸென்றது.

"இந்த மழையில நடந்தது நான் பண்ணினது சார்" என்றேன். "பாப்பா தானா வழுக்கி விழல. நான் தள்ளி விட்டேன். தள்ளினவன விட்டுட்டு விழுந்தவளக் கட்டி இழுத்துட்டுப் போறீங்களே, நியாயமா? அந்த வண்டியில என்ன ஏத்துங்க."

"யாருய்யா நீ?"

இந்த ஊரில் எல்லோருக்கும் என்னிடம் இந்த ஒரே கேள்விதான். "டெய்லர்" என்றேன். "உங்க சட்டையிலகூட மூணாவது பட்டன் தொங்குது. அது கெட்ட பட்டன்னு தூக்கிப் போட்டுடலாமா, நாலு நூல் போட்டு இழுத்துக் கட்டலாமா?"

"நாடகம்! மொத்தக் குடும்பமும் நாடகம்! அவதான் நடிக்கறான்னா—"

படியில் காலடி கேட்டது. பாப்பா கட்டுப் போட்ட கையோடு பாதிப் படியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் தாடை இறுகி நடுங்குவது எனக்குத் தெரிந்தது. லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவள் இறங்கினால் கைக்கெட்டும் தூரத்தில் ஹாங்கர்கள், சாக்பீஸ் டப்பா, கத்திரி. நான் கத்திரியை மட்டும் நைசாக எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவள் இறங்கினாள். பை மேல் கிடந்த துவாலையைப் பார்த்தாள். அடியில் என்ன இருக்கிறதென்று தெரிந்துகொண்டாள். நேரே பின்கட்டுக்குப் போனாள். துணி ஊறவைக்கும் தொட்டியில் முகத்தை முழுசாக முக்கினாள். அவள் அம்மா பதறி எழுந்தாள்; லாண்டரிக்காரர், "சூடு தணியட்டும்" என்று கையைக் காட்டி உட்காரவைத்தார். பாப்பா தலையைத் தூக்கி மூச்சு விட்டாள், மறுபடி முக்கினாள். முடியெல்லாம் தண்ணீர் சொட்ட வந்து மாமாவுக்கு எதிரில் நின்றாள்.

"நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன் மாமா. இப்ப நான் பதில் சொன்னா ஏதாச்சும் பறக்கும். அதனால இப்பச் சொல்ல மாட்டேன். தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வரேன். வந்து சொல்றேன்."

"பாத்தியா திமிர! மழையில எங்க போறா? பிடிங்க அவள!"

அவள் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு டோக்கனை எடுத்தாள். யாரோ எப்போதோ வாங்கிக்கொண்டு போன சட்டையுடையது. அதைப் பலகையில், அப்பாவின் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். சாக்பீஸை எடுத்து, கட்டுப் போட்ட கையால் கோணலாக மணியை எழுதினாள். மாமாவின் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"தங்கச்சி, ஓடிப் போய்ப் பிடி! அவ ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?"

தாய் எழுந்தாள். பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அந்த டோக்கனைத் தொடவில்லை, ஆடிக்கொண்டிருந்ததையே பார்த்தாள். அவள் கைகள் புடவைத் தலைப்பைப் பிழிந்தன.

"வருவா" என்றார் லாண்டரிக்காரர்.

"வரலன்னா?"

"வருவா. டோக்கன் மாட்டியிருக்கா."

அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். ஆனால் தேய்த்த விரிப்பையே மறுபடி மறுபடி தேய்த்தார். மேனேஜர் அந்த இடத்தின் கேட்டைப் பற்றியும், அங்கே நேரத்துக்குச் சாப்பாடு போடுவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. மழை கூரைத் தகரத்தில் அடித்தது. என் வாழ்க்கையில் ஒரு சாக்பீஸ் எழுத்தை அவ்வளவு நேரம் நான் முறைத்ததில்லை. பேண்ட் வெட்டும்போது அப்படி முறைத்திருந்தால் நல்ல டெய்லர் ஆகியிருப்பேன்.

எழுதிய மணி வந்தது. அவள் வரவில்லை. "சொன்னேன்ல?" என்று மேனேஜர் எழுந்தார். தாய் வாசலுக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றாள். தெருவில் அந்தக் கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது, பாதி ஓட்டமாக.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு. முனையில தண்ணி தேங்கியிருக்கு, சுத்திட்டு வந்தேன்" என்றாள் பாப்பா, மூச்சு வாங்க. டோக்கனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். குடையை மடக்கி மாமாவிடம் நீட்டினாள். "மாமா, நான் அங்க வரல. எனக்கு வியாதி இருக்கு. வைத்தியமும் நடக்குது. அன்னைக்கு விழுந்தேன். மறுபடியும் விழுவேன்னு நினைக்கறேன். ஆனா நான் இங்கதான் இருக்கப் போறேன். உங்ககிட்டக் கத்தாம சொல்லணும்னுதான் நடந்துட்டு வந்தேன்."

மேனேஜர் தங்கையைப் பார்த்தார். தங்கை படிக்கு அடியிலிருந்த பையை இழுத்து, துவாலையை உதறி, உள்ளிருந்த துணிகளை எடுத்துத் தேய்ப்பு மேஜையில் கொட்டினாள். "எல்லாம் கசங்கிப் போச்சுங்க. தேச்சுக் கொடுங்க" என்றாள் புருஷனிடம். பிறகு அண்ணனிடம், "அவ எங்கேயும் வரலண்ணா. டீ போடட்டுமா?" என்றாள்.

அவர் டீ குடிக்கவில்லை. மூன்றாவது பட்டன் அவர் கார் கதவைச் சாத்தும்போது தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. நான் அதைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். வரும்போது தைத்துக் கொடுப்பேன், கூலி இல்லாமல்.

பாப்பா மேஜைக்கு வந்து தன் துணிகளைத் தானே பிரித்து வைத்தாள். நான் பின்னால் மறைத்திருந்த கத்திரியை மெதுவாக இடத்தில் வைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். நன்றாக மாட்டிக்கொண்டேன். இனி கேட்காமல் இருக்க முடியாது.

"பாப்பா, என் மேல கோவமா?"

லாண்டரிக்காரர், "அதெல்லாம் ஒண்ணுமில்—" என்று ஆரம்பித்தார்.

"இருங்கப்பா, அவர் எங்கிட்டத்தான் கேட்டாரு." அவள் ஒரு சட்டையை உதறி மேஜையில் விரித்தாள். "ஆமா பெரிப்பா. ரொம்பக் கோவம். இன்னும் போகல, நாளைக்கும் இருக்கும். டோக்கன் எதுக்குன்னு அப்பா உங்ககிட்ட ஏன் சொல்லல தெரியுமா? நீங்க சிரிப்பீங்கன்னு பயந்தாரு. அந்த ஜோக்கு நல்லாவும் இல்ல. புதன்கிழமை தையல் பிரிக்கப் போகணும், அந்த நர்ஸ் இருப்பா, நீங்களும் கூட வரணும். கோவமாத்தான் இருக்கேன். ஆனா உங்கள டப்பாவுல போடல."